மச்சான் தேய்த்த சட்டை

மச்சான்,

இன்று காலை சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது கஞ்சி கருகுகிற வாசம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. காலர் மடிப்பில் கஞ்சி திட்டாகப் படிந்திருக்கிறது, பெட்டியும் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி, "என்ன, கையில ரேகை பாக்குறீகளா? நல்ல காலம் எப்பப் பொறக்கும்னு எனக்கும் சேத்துப் பாருங்க" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? அந்த வாசத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் போய் வருஷம் ஒன்று முடிந்துவிட்டதால், காலை அந்த நேரத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

சட்டை எதற்கென்றால், அக்காவைத் திருச்சுழிக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு. உங்கள் பென்சன் இப்போது அவளுக்கு வருகிறது அல்லவா? உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவளும் இனி வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்தில் போய்க் காட்ட வேண்டும். இது முதல் தடவை. நேற்றே போன் போட்டுவிட்டாள். "ஏலே, வெள்ளனே வந்துரு. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. அந்த மிஷின்ல என் வெரலு விழுகலைன்னா என்ன செய்ய?" என்றாள். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன், ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதே கருவூலம், அதே கைரேகை மிஷின். உங்களைக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தானே.

உங்களிடம் முதலில் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் உங்களை எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன்! ஒன்றிய அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருத்தரோடும் பேச மாட்டார். நடுவீட்டில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அக்காவின் பழைய சேலையை விரித்து, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாரத்துக்கான காக்கிச் சட்டை, காக்கிப் பேண்டு, அது முடிந்தால் அக்காவின் சேலை, அதுவும் முடிந்தால் தலையணை உறை, துண்டு, கைக்குட்டை. தேய்க்க ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தவர் மாதிரி தேடித்தேடி எடுப்பீர்கள். "இவுக காக்கியில எடுக்குற மடிப்புல வெங்காயம் நறுக்கலாம்" என்று அக்கா சொல்லுவாள்.

ஒருநாள் நான் கேட்டேன். "மச்சான், தெருமுனையில குடுத்தா ஆளு தேச்சுக் குடுக்கப்போறாரு. நீங்க எதுக்கு வாரா வாரம் இப்படித் தவம் கெடக்குறீக?" நீங்கள் கையை நிறுத்தவில்லை. "அவரு தேச்சா சட்டை மட்டும்தானே மாப்ளே சரியாகும்" என்றீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஜீப் ஓட்டுகிறவருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

விளங்கியது, மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம். நெஞ்சு உயரம் வளர்ந்த பயிர், குருத்து முழுக்கச் சல்லடை. மருந்து அடித்துப் பார்த்தேன், குருத்துக்குள் மணலைப் போட்டுப் பார்த்தேன், விடிய எழுந்து புழுவைக் கையால் பொறுக்கியும் பார்த்தேன். அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் மழையே இல்லை. அதற்கும் முந்தின வருஷம் பருத்தி வெடித்து நின்ற நேரம் பார்த்து மழை. எங்கள் ரெட்டியபட்டிக் காட்டில் எது எப்போது வரக் கூடாதோ அது அப்போது தவறாமல் வந்துவிடும். அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, யாரைத் திட்டுவதென்று தெரியாமல், காப்பியில் சீனி இல்லை என்று அக்காவைத் திட்டினேன். அவள் முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் ஒரு தலையணை உறையை எடுத்து என் முன்னால் விரித்தீர்கள். பெட்டியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி வைத்து, "வாயை மூடிட்டு இதைத் தேய்" என்றீர்கள்.

முதல் உறையில் பெட்டி அளவுக்கே முக்கோணமாகக் கருக்கினேன். இரண்டாவது நேராக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் மச்சான். பெட்டிக்கு முன்னால் சுருக்கம் இருந்தது, பெட்டிக்குப் பின்னால் இல்லை. இத்தனை வருஷம் நான் செய்த எந்த வேலைக்கும் இப்படி உடனே பலன் வந்ததில்லை. விதைத்தால் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முளைத்தால் மயிலை விரட்ட வேண்டும், வளர்ந்தால் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும், விளைந்தால் வானத்தைக் கும்பிட வேண்டும். இங்கே ஒரு இழுப்பு, முடிந்தது. ஆறு உறை தேய்த்து அடுக்கியபோது நெஞ்சுக்குள் இருந்த இரைச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. மூச்சு மெதுவாக வந்தது. "இது ஒண்ணுதான் மாப்ளே நாம அழுத்துன பக்கம் போகுது" என்றீர்கள். நான் எழுந்து போய் அக்காவிடம் இன்னொரு காப்பி கேட்டுக் குடித்தேன்.

அந்த வாரமே ஒரு பெட்டி வாங்கினேன். "காடு முழுக்கக் களை கெடக்கு, இவுக துண்டுக்கு மடிப்பு எடுக்குறாக" என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு நாம் சந்தித்தால் ஊர்க்கதை, அரசியல் எல்லாம் பின்னால்தான். எந்தத் துணிக்கு எவ்வளவு தண்ணீர், டெரிகாட்டனை எப்படி உள்பக்கம் திருப்புவது, இதுதான் பேச்சு. காலர் முதலில், பிறகு தோள், கை, முதுகு, முன்பக்கம், பை கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் உங்களுக்குக் கோபம் வந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உங்களுக்கு இருந்தது. பெட்டியில் சூடு காட்டுகிற அந்தத் திருகை நீங்கள் நம்பவே மாட்டீர்கள். வலது கையில் இரண்டு விரலைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். சுர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தும் விரலில் பட்ட சுரீரை வைத்தும் பருத்திக்கா, டெரிகாட்டனுக்கா என்று முடிவு செய்வீர்கள். "திருகு கம்பெனிக்காரனுக்கு. எனக்கு என் வெரலு" என்பீர்கள். நானும் அப்படியே பழகினேன்.

ரிட்டயர் ஆகி மூன்றாவது வருஷம் வாதம் வந்து உங்களுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. சொல்வதில் பாதி அக்காவுக்குப் புரியும், பாதி எனக்குப் புரியும், இரண்டு பேரும் சேர்ந்துதான் உங்களை முழுசாக விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறேழு மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தீர்கள். கையைத் தூக்கவும் வந்தது. ஆனால் அந்தக் கையில் உணர்ச்சி வரவில்லை. எறும்பு கடித்தால்கூடக் கண்ணால் பார்த்தால்தான் உங்களுக்குத் தெரியும். சர்க்கரை வேறு. அக்கா தேய்ப்புப் பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பீரோவின் மேலே போட்டுவிட்டாள். "கரண்டும் சூடும் இனிமே ஒங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மகள் கோயம்புத்தூரில், தூக்கவும் நிறுத்தவும் குளிப்பாட்டவும் அவள் ஒருத்தி. ஆனால் நான் வரும்போதெல்லாம் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் சுருக்கத்தை இடது கையால் நீவிக்கொண்டிருப்பீர்கள். நீவ நீவ அது திரும்பவும் சுருங்கும், திரும்பவும் நீவுவீர்கள். எனக்குப் பார்க்க முடியாது. வெளியே வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆடி மாதம். உங்களைக் கருவூலத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள். அன்றைக்கென்று பார்த்துப் பெரியம்மா மகன் தவறிவிட்டார் என்று தகவல், அக்கா துஷ்டிக்குப் போயே ஆக வேண்டும். விடிந்ததும் உங்களைக் குளிப்பாட்டி, மிச்ச வெந்நீர்ப் பானையை வாசல்படி ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, நான் வந்ததும் கிளம்பினாள். "சட்டை தொவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். மாட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போ. ஆபீஸுல யாரு இவுக சட்டையப் பாக்கப்போறாக" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் பாளையம்பட்டி ஸ்டாப்புக்கு ஓடினாள். பழக்க தோஷத்தில் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தாள், தேய்க்கவில்லை. அது பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தது.

நீங்கள் சட்டையைப் பார்த்தீர்கள். பிறகு பீரோவின் மேலே பார்த்தீர்கள்.

"நான் உசுரோட இருக்கேன்னு காட்டத்தானே மாப்ளே போறோம்" என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னீர்கள். "இப்படிக் கசங்கிப்போயா காட்டுறது?"

"குடுங்க, நான் தேச்சுத் தாரேன். அஞ்சு நிமிசம்."

"நீ தேச்சா நீதானே உசுரோட இருக்கே?"

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். நாம் இரண்டு கிழவர்களும் வெல்லம் திருடுகிற பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டோம். அக்கா வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஜமுக்காளத்தைக் கட்டிலின் மேல் மடித்துப் போட்டேன், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று. பெட்டியை இடது கையால் பிடிப்பது என்று முடிவு.

அங்கேதான் பிசகினோம், மச்சான். இடது கை பெட்டியைப் பிடித்துக்கொண்டதால் சும்மா இருந்தது வலது கை. எத்தனை வருஷப் பழக்கம்! அந்தக் கை தன் பாட்டில் மெதுவாகத் தூக்கிச் சொம்புக்குள் இரண்டு விரலை நனைத்தது. பெட்டியின் அடியில் தட்டினீர்கள். தெருமுனைக் கோயிலில் ஆடிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, சத்தம் எனக்கும் கேட்கவில்லை, உங்களுக்கும் கேட்கவில்லை. "இன்னும் ஏறலை" என்றீர்கள். நான் திருகைக் கூட்டினேன். திரும்ப நனைத்து வைத்தீர்கள், இந்தத் தடவை கொஞ்ச நேரம் அழுத்தி. "ம்ஹூம்." நான் இன்னும் கூட்டினேன். மூன்றாவது தடவை வைத்தபோது எனக்கு அந்த வாசம் வந்தது. "பழைய கஞ்சி அடியில ஒட்டியிருக்கும்போல, கருகுது" என்று நான்தான் சொன்னேன். உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணை முழுசாகத் திறந்துகொண்டு, நான்தான் சொன்னேன்.

"இப்பத்தான் லேசா ஏறுது" என்றீர்கள். எதை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பெட்டியைத் துணியில் வைத்தாக வேண்டும் என்ற அவசரமா, இல்லை உண்மையிலேயே ஏதாவது உறைத்ததா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் நான் மறக்க விரும்பவில்லை. காலரை விரித்துக் கொடுத்தேன். நீங்கள் உடம்பின் பாரத்தை எல்லாம் இடது தோளுக்குக் கொண்டுவந்து ஒரு இழுப்பு இழுத்தீர்கள். கோணலாகப் போனது. திரும்ப இழுத்தீர்கள். நேராக வந்தது. தோள், கை, ஒவ்வொன்றுக்கும் நின்று மூச்சு வாங்கினீர்கள். நெற்றி வியர்வை துணியில் சொட்டினால் அதன்மேலேயே பெட்டியை ஓட்டினீர்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் முகம் அமைதியாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய முகம். விழுந்த நாளிலிருந்து அதை நான் பார்த்திருக்கவில்லை. முதுகுப் பக்கம் வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. "முதுகை நீ இழுத்துரு மாப்ளே. சேர்ல சாஞ்சா கசங்கத்தானே போகுது" என்றீர்கள். நான் இழுத்தேன். முன்பக்கம் திரும்பவும் உங்களுடையது. கடைசியில் பை. பையின் மேல் பெட்டியை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை, கருகிவிடும் என்று நான்தான் கையைத் தொட்டேன்.

பஸ்ஸில் திருச்சுழி வரைக்கும் நீங்கள் சீட்டில் சாயவில்லை.

கருவூலத்தில் மிஷின் வைத்திருந்த அந்தப் பெண் நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, "வலது கை ஆள்காட்டி விரலை வைங்கய்யா" என்றாள். வைத்தீர்கள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். சிவப்பு. நடுவிரல். அதற்கும் சிவப்பு. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, விரல் ரெண்டும் வெள்ளையா வெந்துபோய் இருக்கு?" என்றாள்.

அப்போதுதான் நாம் இரண்டு பேரும் பார்த்தோம். நீங்கள் உங்கள் விரலை யாருடையதோ போலப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் திரும்பி அவளிடம், நிறுத்தி நிதானமாக, "காலைல வெந்நிப் பானையப் புடிச்சுட்டேம்மா" என்றீர்கள். இடது கைப் பெருவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. உயிரோடு இருக்கிறீர்கள் என்று அவள் பதிந்துகொண்டாள்.

பஸ்ஸ்டாண்டில் களிம்பு வாங்கித் தடவும்போது நான் அழுதேன். நீங்கள்தான் திட்டினீர்கள். "ஒங்க அக்காட்ட சொல்லிறாதே. அப்புறம் ஒன்ன வீட்டுப்படி ஏறவிட மாட்டா. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டலுக்கு என்ன விலை என்று அப்போது தெரியவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். பானை என்றீர்கள். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அதை அங்கன எறக்கி வச்சவ நான்தானே!" என்றாள். கொப்புளம் உடைந்தது, சர்க்கரை விடவில்லை, ஆவணியில் விரல் கறுத்துவிட்டது. மதுரையில் டாக்டர், "சுடுதண்ணி பட்ட மாதிரி தெரியலையே" என்று நம் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "பானை விளிம்பு, டாக்டர். ஈயப் பானை, நெருப்பாக் கொதிச்சுச்சு" என்று அக்காவே எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் சொன்ன பொய்யை அவள் தன் கையாலேயே கெட்டியாக்கினாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரண்டு விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கண் விழித்தபோது, "நான் பெட்டிய எறக்கியிருக்கக் கூடாது மச்சான்" என்றேன். நீங்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "காலரு நல்லா வந்துச்சுல்ல?" என்று கேட்டீர்கள். நல்லா வந்துச்சு என்றேன்.

தையில் வாதம் திரும்பவும் வந்தது, இந்தத் தடவை விடவில்லை. விரலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அக்கா நம்பவில்லை, நானும் நம்பவில்லை. உங்களை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, மாரில் அடித்துக்கொண்டு, "நான் வச்ச பானையில்ல... என் கையால வச்ச பானையில்ல..." என்று ராகம் போட்டு அழுதாள். வந்திருந்த பொம்பளைகள் எல்லாம் அதையே வாங்கி அழுதார்கள். பந்தலில் நின்றுகொண்டு முழுக்கக் கேட்டேன். உள்ளே போய், பானை இல்லை அக்கா என்று சொல்ல நாலு அடிதான் தூரம். போகவில்லை. செத்தவருக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்காவது ஒன்றாவது! பயம், மச்சான். வேறொன்றுமில்லை.

அந்தப் பானையை அவள் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் வெந்நீர் வைப்பதே இல்லை. மார்கழிப் பனியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். சளி கட்டி, இருமி இருமி, நான்தான் அருப்புக்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "வெந்நில குளிங்கம்மா" என்று அவர் சொன்னார். அக்கா பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். மருந்து வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். மழையை வரவைக்க முடியாது, புழுவைப் போகவைக்க முடியாது, அதெல்லாம் சரி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவனை என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து துணி தேய்ப்பேன். முன்னெல்லாம் நாலு உருப்படி தேய்த்தால் நெஞ்சு அடங்கும். இப்போது கூடை காலியாகிற வரைக்கும் தேய்த்தாலும் துணிதான் சரியாகிறது.

இன்றைக்கு அதே பெண்தான் மிஷினில் இருந்தாள். அக்கா பயந்து பயந்து விரலை வைத்தாள். வைத்தவுடன் பச்சை. "அவ்வளவுதாம்மா, போகலாம்" என்றாள் அந்தப் பெண். அக்கா எழுந்திருக்கவில்லை. விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"என் வெரலு அம்புட்டும் நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். "அவுக வெரலத் தின்னவ நான். எனக்குப் பச்ச வெளக்கு எரியுது பாரு."

அக்கா, பானை இல்லை என்றேன். சொல்ல வேண்டும் என்று முடிவு எடுத்தெல்லாம் சொல்லவில்லை, வந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறியது, குழாயில் பாட்டு, சொம்பு, மூன்று தடவை, கஞ்சி கருகுது என்று நான் சொன்னது, நீங்கள் பஸ்ஸ்டாண்டில் சொன்னது. அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"ஒரு வருஷமா பச்சத் தண்ணியில குளிச்சேனேடா" என்றாள். "இதைச் சொல்ல ஒனக்கு ஒரு வருஷமா?"

நான் என் வேட்டியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சட்டைய யாரு தேச்சா?" என்று கேட்டாள்.

"மச்சான்தான்."

"நீ தேச்சதுன்னுல்ல நெனச்சேன். முழுசும் அவுகளா?"

நான் தலையைத் தூக்கினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசும் அவுகதான்க்கா. காலர்ல இருந்து பை வரைக்கும்."

"அதான்" என்றாள். "அன்னைக்குச் சாயந்தரம் சட்டையக் கழட்டுங்கன்னா கழட்ட மாட்டேன்னுட்டாக. வெரலு வெந்துகெடக்கு, இவுக கட்டில்ல சாயாம நெட்டுக்குத்தலா உக்காந்திருக்காக. புத்தி பெசகிருச்சோன்னு பயந்துட்டேன்டா. இப்பல்ல தெரியுது." முந்தானையை முகத்தில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானைக்குள் இருந்தே, "திருட்டுப் பயலுக, ரெண்டு பேரும்" என்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஒரு பொய்யை இறக்கி வைக்கத்தான் போனேன், இன்னொன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் அப்படிப் பார்க்கும்போது என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. இனி என் சட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் முதுகுப் பக்கம் வந்தால் இது ஞாபகத்துக்கு வரும், வரட்டும், இதை நான் வைத்துக்கொள்கிறேன். முதுகை நான்தான் தேய்த்தேன் என்று அவள் கனவில் போனாலும் சொல்லிவிடாதீர்கள் மச்சான்.